எனக்கும் ஒரு இழுப்பு

ஒன்பது வயதில் எனக்கு முழுதாக மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்றுதான். அது கஞ்சாவைப் பற்றியது. அப்படியென்று எனக்குத் தெரியாது. ஒரு இழுப்பு இழுத்தால் மேகத்தில் ஏறிவிடலாம், கவலையெல்லாம் கீழே சின்னப் புள்ளியாகிவிடும் என்று போகும். சிங்கப்பூர் எல்லையை அடுத்த தம்போயில், எங்கள் அடுக்குமாடியில் அந்த வருடம் அதைப் பாடாத பிள்ளைகளே இல்லை. கல்யாணங்களில் மாப்பிள்ளையின் மாமன்மார்கூட அதற்கு ஆடினார்கள்.

சொல்லிக் கொடுத்தவன் அண்ணன். பதினெட்டு வயது, கல்யாணங்களில் பாடும் குழுவில் இருந்தான். சனிக்கிழமைகளில் அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை, அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஓவர்டைம். என்னைத் தனியாக விட முடியாததால், பயிற்சிக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொள்வான். அவன் நண்பனின் வீட்டுக் கார் கொட்டகையில்தான் பயிற்சி.

ஒருநாள் பாடி முடித்ததும் அந்த நண்பன் கையால் சுருட்டிய சிகரெட் ஒன்றைப் பற்ற வைத்து அண்ணனிடம் நீட்டினான். அண்ணன் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வாங்கினான்.

"இதான் மேகத்துக்குப் போறதா?" என்று கேட்டேன். "அண்ணா, எனக்கும் ஒரு இழுப்பு!"

நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "அலமாக், பாப்பாவே ரெடி லா! குடுடா, ஒண்ணும் ஆகாது."

"சின்னப் புள்ளடா அது!"

"நீ சொல்லிக் குடுத்த பாட்டுதானே. அதான் கேக்குது."

அண்ணன் சிகரெட்டைக் கீழே போட்டுச் செருப்பால் தேய்த்தான். மைக்கைக்கூட எடுக்காமல் என்னைத் தூக்கி மோட்டாரில் உட்கார வைத்தான். வழியெல்லாம் நான் அழுதேன். வீட்டு வாசலில், "அந்தப் பாட்ட இனிமே பாடாத," என்றான்.

"நீதானே சொல்லிக் குடுத்த?"

அவன் கதவைத் திறந்து என்னை உள்ளே அனுப்பினான்.

சாயங்காலம் அம்மா வந்ததும், அண்ணன் அவரைச் சட்டைகூட மாற்றவிடாமல் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஐந்தாறு மாதப் பழக்கமாம். பாட்டாகக் கேட்டபோது பெரிய விஷயமாகவே தெரியவில்லையாம். அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் ஓடிப்போய், "நான் காட்டிக் குடுக்கலம்மா, அவனேதான் சொன்னான்," என்று என் பங்குக்குச் சாட்சி சொன்னேன்.

அம்மா அவனை மருத்துவரிடம் கூட்டிப் போனார். பிறகு, அந்தக் கூட்டாளிகள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று பெக்கான் நானாஸில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு அனுப்ப முடிவானது. எனக்கு ஒரே கோபம். பாட்டும் போச்சு, மோட்டார் சவாரியும் போச்சு, இப்போது அண்ணனும் போகிறான்.

பழக்கத்தை அவன் எளிதாக ஒன்றும் விட்டுவிடவில்லை. இடையில் ஒருமுறை சறுக்கினான். பெரியம்மா தொலைபேசியில் சொன்னதும் அம்மா அன்றே பஸ் ஏறினார். ஆனால் விட்டான். இன்று மூவாரில் நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வேலை, இரண்டு பிள்ளைகள். பாடுகிறானா என்றால், குளியலறையில் பாடுகிறான் என்கிறார் அண்ணி.

அவன் பெக்கான் நானாஸுக்குக் கிளம்பிய காலையில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் முன்னால் குனிந்தான்.

"தேங்க்ஸ் பாப்பா," என்றான்.

கிண்டல் செய்கிறான் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் என்ன செய்தேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்தக் கொட்டகையில் அவன் எனக்கு என்ன செய்தான் என்பதும் தெரியவில்லை.