நோயலுக்கென்று ஒரு நகல்

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால், பொம்மசந்திராவில் டிக்கெட் மெஷின் செய்கிற கம்பெனியில் டெஸ்டிங் என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள் சொர்ணம். அது சம்பளத்துக்கான வேலை. அவள் உயிரை விட்டுச் செய்த வேலை வேறு. அதைச் சொன்னால் நீலசந்திராவில் அவளோடு ஒரே வீட்டில் இருந்த அண்ணனுக்கே விளங்காது.

கம்ப்யூட்டரை இயக்க லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டம் வேண்டுமென்றால் எல்லாரும் ஆயத்தமாக இருப்பதை இறக்கிப் போட்டுக்கொள்வார்கள். சிலருக்கு அது போதாது. ஒவ்வொரு துண்டின் மூல நிரலையும் எடுத்து, மெஷின் ஓட்டக்கூடிய வடிவத்துக்குத் தாங்களே கம்பைல் செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி முழு சிஸ்டத்தையும் எழுப்பிப் பார்த்தால்தான் மனசு ஆறும். அப்படி இறங்குகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு இணையத்தில் இருந்தது. அதை எழுதியவன் நோயல்.

சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஒரு லினக்ஸ் கூட்டத்தில் சொர்ணம் எழுந்து, "உங்க மூணாவது பக்கத்துல ஒரு கமாண்ட் தப்பு" என்று சொன்னதுதான் அவர்கள் பழக்கத்தின் தொடக்கம். கூட்டம் முடிந்ததும் நோயல் அவளைத் தேடி வந்தான். "தப்பு கண்டுபிடிச்சீங்க இல்ல, இனிமே நீங்களே பாத்துக்குங்க" என்றான். அவன் எழுதுவான். அவள் ஒரு பழைய மெஷினில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல முதல் வரியிலிருந்து அவன் சொன்னபடியே செய்துகொண்டு போவாள். எங்கேயாவது நின்றால் உடனே போன்.

"நின்னுடுச்சு நோயல்."

"நீ அவசரப்பட்டிருப்ப."

"நீ ஒரு வரி முழுங்கிட்ட."

பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். சிரித்துக்கொண்டே திருத்துவான். நீங்க என்பது எப்போது நீ ஆனது என்று இருவருக்குமே நினைவில்லை. வருஷங்கள் இப்படியே போயின.

பிறகு அவன் முழுங்குகிற வரிகள் கூடின. ஒரே பத்தி இரண்டு முறை வந்தது. தமிழ்ப் பக்கத்தின் நடுவில் கன்னட வாக்கியம் ஒன்று நின்றது. கடையில் நெருக்கடி போலிருக்கிறது என்று நினைத்து சொர்ணம் சத்தமில்லாமல் திருத்தினாள். கேட்டால் அவன் முகம் வாடும்.

ஒன்று மட்டும் அவள் கண்ணுக்குத் தப்பியது. டிஸ்க்கை அழித்துப் புதிதாக்குகிற கமாண்டில், 'உங்கள் டிஸ்க்கின் பெயர்' என்றிருந்த இடத்தில் நோயல் தன் மெஷினின் டிஸ்க் பெயரையே எழுதிவிட்டான். அது அவள் கண்ணில் படுவதற்குள் ஹூப்ளியிலிருந்து ஒருவர் அதை அப்படியே அடித்துவிட்டார். அவருடைய மெஷினிலும் அதே பெயரில்தான் டிஸ்க் இருந்தது; அதில் இருந்ததெல்லாம் அழிந்துபோனது. மறுநாள் கையேட்டுக்கு உதவிவந்த சிறு குழுவுக்கு அவரிடமிருந்து மெயில் வந்தது. 'உங்களை நம்பித்தான் செய்தேன். என் அப்பா பாடின பாட்டெல்லாம் அதில்தான் இருந்தது. வேறு எங்கும் இல்லை.' அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை.

நோயலுக்கு எழுதும் அனுமதி இனி கூடாது என்று குழுவில் எல்லாரும் சொன்னார்கள். அதை எடுக்கிற உரிமை, தளத்தைப் பார்த்துக்கொண்ட சொர்ணத்திடம் மட்டுமே இருந்தது. எடுக்கும் முன் நேரில் பேசிவிடலாமென்று ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகரில் அவன் வீட்டுக்குப் போக பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தவள் நோயலின் மனைவி ஜூடித். உள்ளே விடாமல் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, போன வாரம் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு எங்க போகணும்னு தெரியலன்னு எனக்கு போன் பண்ணார். டாக்டர் ஞாபகம் போற நோயின்னுட்டார். இந்த வயசுலயும் வருமாம்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னார். சொன்னா புக்க எடுத்துடுவீங்களாம்."

உள்ளே நோயல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். "என்னைத் தூக்கிட்டாங்களா சொர்ணா?" என்று கேட்டான்.

"சே, யார் தூக்குவா?" என்றாள். அந்தப் பொய் அவளறியாமலே வந்துவிட்டது. வந்த பொய்யை நிஜமாக்க வழி தேடினாள். கையேட்டின் நகல் ஒன்றை, பார்த்தால் வித்தியாசம் தெரியாதபடி, வேறு இடத்தில் போட்டு அவனுக்கு மட்டும் திறந்துவிட்டாள். அசல் பக்கத்தில் அவன் அனுமதியை எடுத்தாள். "இனிமே இங்க எழுது. நான் பாத்துட்டு பெரிய பக்கத்துல சேக்கறேன்" என்றாள். அவனும் தலையாட்டினான்.

எழுதினான். பொம்மசந்திரா பஸ்ஸில் நின்றபடி அவள் போனில் அதைப் படிப்பாள். முதலில் பாதியாவது சரியாக இருந்தது. நாளாக நாளாக கம்பைலர் பக்கத்துக்குள் அவன் கடைக்குப் போகிற வழி வந்தது. மார்க்கெட்டைத் தாண்டி இடது பக்கம், துணிக்கடைப் படி, மேலே. அதைப் படித்த அன்று அவள் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டாள்.

ஒருநாள் அவளைப் பார்த்ததும் நோயல் சொன்னான்: "நான் எழுதறது எதுவும் பெரிய பக்கத்துல வரல."

அவள் வாயைத் திறப்பதற்குள் கையமர்த்தினான். "தெரியும் சொர்ணா. ஹூப்ளிக்காரருக்கு நான் பண்ணது மட்டும் மறக்க மாட்டேங்குது. நீ செஞ்சது சரி. ஆனா அந்த நகல எடுத்துடாத. எழுதறப்போ நான் நானா இருக்கேன்."

எடுக்கவில்லை. ஒருநாள் அவனாகவே எழுதுவதை நிறுத்தினான். அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான். ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் தூறலில் அடக்கம் நடந்தது. சொர்ணம் குடை பிடிக்கக்கூட மறந்து நின்றாள். ஹூப்ளிக்காரருக்கு நோயலின் நோயைப் பற்றி விவரமாக எழுதியிருந்தாள். பதில் வரவில்லை. வரவேண்டும் என்று கேட்க அவளுக்கும் உரிமையில்லை.

அதன்பின் தனியாகவே எழுதினாள், தனியாகவே சோதித்தாள். தான் எழுதியதைத் தானே படிக்கும்போது, விட்டுப்போன வரியைக்கூட மனசு இட்டு நிரப்பிவிடுகிறது என்று கண்டாள். உதவிக்கு வந்தவர்கள் வேலை மாறிப் போனார்கள். புதுப் புது வெர்ஷன்கள் வந்துகொண்டே இருந்தன. சோதிக்காத பக்கத்தை நம்பி இன்னொருவர் எதையாவது இழந்துவிடுவாரோ என்ற பயம் அவளை விடவில்லை.

கடைசியில் முதல் பக்கத்தின் தலையில் ஒரு வரி போட்டாள்: 'இந்தக் கையேட்டை இப்போது யாரும் சோதிப்பதில்லை. இதைப் பார்த்து எதையும் செய்யாதீர்கள்.' போட்டுவிட்டு ஜூடித்துக்கு போன் செய்து சொன்னாள்.

"அவர் கோவிச்சுக்க மாட்டார் அக்கா" என்றாள் ஜூடித்.

"கோவிச்சுக்குவான்மா" என்றாள் சொர்ணம். "நல்லா கோவிச்சுக்குவான்."