குழாயின் வாய்க்கு நேரே

உச்சிமாகாளி சங்கரன்கோவிலில் மைக் செட் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் கோயில் கொடைத் திருவிழா நடத்துகிறவர்களுக்கு ஒரே கணக்குதான். பாட்டுச் சத்தம் மேலநீலிதநல்லூர் வரைக்கும் கேட்டதா, இல்லையா? கேட்டால் நல்ல கொடை. அதனால் ஆம்ப்ளிஃபயர் திருகைக் கடைசி மட்டும் திருகியே அவர் கை பழகிவிட்டது. ஒலிபெருக்கிக் குழாய் கரகரவென்று இரைந்தால், “செட்டு கொதிக்குதுலே” என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

ஐம்பத்தேழாம் வருஷம் கடையநல்லூர் அப்துல் ஜப்பார் கொழும்பிலிருந்து ஒரு டேப் மெஷின் கொண்டுவந்தார். அங்கே கடை வைத்திருக்கும் நம் பக்கத்து ஆட்களுக்கு வில்லுப்பாட்டுக் கேட்க ஆசை. வில்லுக்குழுவின் தலைப்பாட்டுக்காரர் நல்லகண்ணு அண்ணாவியின் பாட்டை அதில் பதிந்துகொண்டு போய்ப் போட்டுக் காட்டுவது, பிடித்துப்போனால் குழுவையே கப்பலேற்றுவது என்று பேச்சு. நல்லகண்ணுவுக்கு ஐம்பது தாண்டியாயிற்று. அவரைத் தேடிக் கடல் தாண்டி ஆள் வந்தது அதுதான் முதல் தடவை.

ஒரு கொடையன்று ஜப்பார் தன் மைக்கை அண்ணாவிக்கு முன்னால் வைக்கப் போனார். உச்சிமாகாளி விடவில்லை.

“அண்ணாச்சி, அங்கன வைக்காதீரும். வெறும் வாயில என்ன இருக்கு? சனம் கேக்கது நம்ம குழாயில வாரதைத்தான். அதுக்கு நேரா கட்டும்.”

“இரையாதா வே?”

“இரைஞ்சாத்தான் வில்லுப்பாட்டு!”

அவரே ஏணியில் ஏறி, குழாயின் வாய்க்கு நட்டநடுவில் ஒரு சாண் தள்ளி மைக்கைக் கயிற்றால் கட்டினார். இறங்கி வந்து திருகையும் கடைசிக்குத் தள்ளினார்.

பாட்டு முடிந்ததும் கூட்டம் மெஷினைச் சுற்றிக் குவிந்தது. சுருள் சுற்றியது. தகரத்தில் ஆணியை இழுத்த மாதிரி ஒரு சத்தம். ஒரு சொல் விளங்கவில்லை.

“ஏலே, அண்ணாவி தொண்டையில தேளு கொட்டிட்டா?” என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

தன் குரலை நல்லகண்ணு வெளியே நின்று கேட்டதே அன்றைக்குத்தான். முகம் செத்துப்போயிற்று. “இந்தக் கொரலையா இத்தனை வருசமா சனத்துக்குக் குடுத்தேன்?” என்று, வில்லில் தட்டும் வீசுகோலைக் கீழே வைத்தார்.

கோளாறு எங்கே என்று உச்சிமாகாளிக்குத் தெரியும். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். தன் செட்டைத் தானே குறை சொல்ல நாக்கு வரவில்லை. ஜப்பார் மெஷினை மூடப் போனபோதுதான் பேச்சு வந்தது.

“கொரல்ல ஒண்ணுமில்ல. நான் கட்டினதுதான் தப்பு. செட்டையும் கொதிக்க விட்டுட்டேன்.”

“அப்பம் கொடைக்குக் கொடை எங்க காதுல கொதிச்ச கஞ்சியத்தான் ஊத்தினீராக்கும்?” என்றான் கூட்டத்தில் ஒருவன்.

கூட்டம் சிரித்த சிரிப்பு உச்சிமாகாளியைத் தோலுரித்தது. அண்ணாவி முன்னால் ஜப்பாரின் மைக்கை வைக்கலாமென்றால், “அந்தச் சனியனை என் மூஞ்சிக்கு நேரா கொண்டாராதீரும்” என்று அவர் மிரண்டு விலகினார். திரும்பவும் குழாய்தான். உச்சிமாகாளி சத்தத்தைப் பாதிக்குக் குறைத்தார். காதைக் காட்டிக் காட்டிப் பார்த்து, நடுவை விட்டு விளிம்போரம், ஒரு முழம் தள்ளி, மைக்கைச் சாய்த்துக் கட்டினார்.

இரண்டாவது தடவை எழுத்து எழுத்தாக விழுந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் பயந்து பயந்து வைத்தார் நல்லகண்ணு. கூட்டத்தை ஒரு அதட்டில் உட்கார வைக்கிற அண்ணாவி அதில் இல்லை.

“இப்பம் சுத்தமா இருக்கு வே” என்று ஜப்பார் சுருளை எடுத்துப் போனார்.

கொழும்பிலிருந்து அழைப்பு வரவில்லை. ஆள் பாடுதாரு, உசிரு இல்லை என்றார்களாம்.

அதற்குப் பிறகு கொடைகளில் உச்சிமாகாளி அண்ணாவி கண்ணில் படாமல் செட்டைப் பந்தலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒருநாள் நல்லகண்ணுவே தேடி வந்தார்.

“உம்ம மேல தப்பில்ல வே. என் கொரலு அப்பமே போயிட்டு. நீரு எனக்காவ பழியை ஏத்துக்கிட்டீரு.”

“இல்ல அண்ணாவி, சத்தியமா நான்தான்…”

“சும்மா இரும்” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார் உச்சிமாகாளி. அந்த மனுஷன் நம்பவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.