இடம் உண்டு, கடன் இல்லை

"குடியுரிமை இருக்கா? முன்னாடி ஏதாவது பட்டம் முடிச்சிருக்கீங்களா? படிப்பை இந்த நாட்டுலயே முடிப்பீங்களா?" வந்தவர் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுவார் அவர். குடியேறி வந்த நாட்டில், ஒரு பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக அதே கவுன்டர். அரசு மானியத்தில் படிக்கும் இடம் யாருக்கு, கல்விக் கடன் யாருக்கு என்று சொல்லும் விதிப்புத்தகம் அவருக்குப் பக்க எண்ணோடு மனப்பாடம். அலுவலகத்தில் அவருக்கு 'உட்பிரிவு' என்று பெயர்.

அந்தப் பெயரைப் புதிதாக வருபவர்களிடம் அவரே சொல்லிச் சிரிப்பார். "பல்லு வலிச்சாக்கூட எந்தப் பிரிவுல வலிக்குதுன்னு பார்த்துட்டுதான் டாக்டர்கிட்டப் போவேன்" என்பார். ஒருமுறை தன் விடுப்பு விண்ணப்பத்தில், மேலாளர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்திலும் தானே போட்டு மாட்டிக்கொண்டவர்.

அவருடைய மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர். நாற்பத்தாறு வயதில் செவிலியர் படிப்புக்கு எழுதிப் போட்டாள், இடமும் கிடைத்தது. படிவங்களை இவர்தான் நிரப்பினார். "நீ பேசாம இரு, உனக்கு வீட்டுக்குள்ளயே ஆபீஸ் இருக்கு" என்று சொல்லி, அவளை ஒரு சந்தேகம்கூடக் கேட்கவிடவில்லை.

சேர்க்கை முடிய நான்கு நாள் இருந்தது. நாற்பத்தொன்றாம் டோக்கனைக் கூப்பிட்டார். வேலைச் சீருடையோடு, கையில் ஒரு கடிதத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தது அவள்தான்.

"சார், கடன் கிடையாதுன்னு வந்திருக்கு. ஏன்னு சொல்ல முடியுமா?"

பத்தொன்பது வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? "குடியுரிமை இருக்காம்மா?" என்று கேட்டே விட்டார். பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நிரந்தரமாத் தங்குற அனுமதி மட்டும்தான் சார்."

"அப்போ மானிய இடம் உண்டு. கடன் குடிமக்களுக்கு மட்டும்தான். நீங்க கட்டணத்தை முன்கூட்டியே முழுசாக் கட்டணும்." குரல் இறங்கிக்கொண்டே போனது. "பக்கம் முப்பத்தெட்டு."

"நாலு வருஷம் முன்னாடி குடியுரிமைக்குக் கையெழுத்துப் போட்டு உங்ககிட்டக் கொடுத்தேனே சார். அந்தப் படிவம் எங்க இருக்கு?"

பக்கத்துக் கவுன்டர் பெண்ணின் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன.

"வீட்டு அலமாரியில. என் சட்டைக்குக் கீழ."

அவள் சிரிக்கவில்லை. "ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் கரையேத்தி விட்டீங்க. என் காகிதத்தை மட்டும் பார்க்க நேரமில்ல" என்றாள். இந்த முறை 'சார்' இல்லை. அதுதான் அவருக்கு உறைத்தது.

கட்டணத்தை மொத்தமாகக் கட்ட வழியில்லை. இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க விதி இருந்தது. அதை எழுதிக் கொடுத்தார். ஆனாலும் அந்த ஒரு வருடம் போனது போனதுதான்.

இப்போது வருகிறவர்களிடம் கேள்வி கேட்பதற்கு முன் இந்தக் கதையைச் சொல்கிறார். "எனக்குக் குடியுரிமை வந்ததும் பவுடர் மாதிரி பெண்டாட்டிக்கும் அது ஒட்டிக்கிச்சுன்னு நினைச்சு, அவ படிவத்தை அலமாரியிலயே விட்டுட்டேன். இப்பேர்ப்பட்ட அறிவாளிகிட்டத்தான் நீங்க யோசனை கேட்க வந்திருக்கீங்க. வீட்டுக்குப் போய் உங்க காகிதத்தை நீங்களே இன்னொரு தடவை பாருங்க." வரிசை வாசல் வரை நீள்கிறது. மேலாளர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து முறைக்கிறார்.

போன வாரம் குடியுரிமை அலுவலகத்தில் அவளுக்கு நேர்காணல். துணைக்குப் போன இவர் பஸ்ஸில் வழியெல்லாம் விதி சொல்லிக்கொண்டே போனார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். உள்ளே அதிகாரி, "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்று அவளைக் கேட்டார். பதில் இவர் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினார். எழுந்து, தன் நாற்காலியைச் சத்தம் கேட்காமல் இரண்டு கையாலும் தூக்கி, சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.