கழிக்கப்பட்ட குருதி

என் மூத்த மகனின் குருதியே அவன் தங்கையைக் கொன்றது என்னும் பேச்சு போடியில் இன்றும் உலவுகிறது. அவன் காதுபடவே சொன்னோரும் உளர். அருகிருந்து கண்டவன் நான்; ஆதலின் நடந்ததை எழுதிவைத்தல் வேண்டும்.

மகளுக்குக் குருதிப் புற்று. சென்னை மருத்துவமனையில் இளைய மகனின் எலும்பு மச்சையை அவளுக்கு ஏற்றினர். புதிய எதிர்ப்பாற்றல் வேரூன்றுமுன் நச்சுயிரி ஒன்று அவள் ஈரலைப் பற்றியது. மருந்துகள் பயன்படவில்லை. உறவினர் ஒருவரின் எதிர்ப்பணுக்களைப் பிரித்தெடுத்து ஏற்றிப் பார்க்கலாம், சோதனைக்கு ஆள் அனுப்புங்கள் என்று சென்னை மருத்துவர் தொலைபேசியில் கூறினார்.

ஏலக்காயில் கறைபட்டதைக் கழித்தே பழகிய குடும்பம் எங்களுடையது. மலைத்தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கும் மூத்தவனுக்கு முந்தைய மழைக்காலத்தில் கண் சிவந்து கடுங்காய்ச்சல் கண்டிருந்தது.

“சீக்குப்பட்ட ரத்தம் அந்தப் புள்ளைக்கு எதுக்கு? நீ தோட்டத்துச் சோலியப் பாரு, அப்பு” என்றார் என் தமக்கையார்.

“என்னத்தே, என்னையும் கழிவுக் காயில தள்ளிட்டீகளாக்கும்?” என்று சிரித்தபடி அவன் ஜீப்பேறினான்.

இளையவன் உட்பட, நோய்நொடி அறியாத மூவர் சென்னை சென்றனர். ஒருவரும் தேறவில்லை.

“சீக்கே வராதவங்க வேணாம்ங்கய்யா” என்றார் மருத்துவர். “இந்தக் கிருமியோட மல்லுக்கட்டி ஜெயிச்ச ரத்தம் வேணும். அதுக்குத்தான் எதிரி யாருன்னு தெரியும். வீட்ல யாருக்கும் கண்வலி, காய்ச்சல்னு வரலையா?”

மூத்தவனைச் சொன்னேன். அக்கண்ணோயும் இதே இனத்து நச்சுயிரியால் வருவதாம்.

அன்றே மலையிறங்கினான். வேண்டிய அணுக்கள் அவன் குருதியில் நிறைந்திருந்தன. ஏற்றியபின் நச்சுயிரி சோதனைக்குச் சோதனை குறைந்தது. இறுதியில் தென்படவே இல்லை. ஆயினும் காத்திருந்த நாள்களில் ஈரல் அழிந்துவிட்டிருந்தது. மகள் இறந்தாள்.

துக்க வீட்டில் தமக்கையார் அழுதுகொண்டே சொன்னார்: “நான் அப்பவே சொன்னேன்ல, அந்த ரத்தம் ஆகாதுன்னு.”

நான் மறுத்துச் சொல்லிய சொல் அந்த ஒப்பாரியில் எடுபடவில்லை. மூத்தவன் எழுந்து வெளியே போனான். கருமாதிக்கு வந்தவன் வாசலோடு நின்றுகொண்டான். இப்போது மலையை விட்டு இறங்குவதே இல்லை. சென்ற திங்கள், பேறுகாலத்தில் துன்புற்ற தொழிலாளிப் பெண் ஒருத்திக்குக் குருதி வேண்டியபோது, “எங்கிட்ட எடுக்காதீக, ஆகாது” என்று விலகினானாம்.

மருத்துவச் செய்திகளில் பிழை நேர்ந்திருப்பின் அறிந்தோர் எனக்கு எழுதித் திருத்துக. அவன் அணுக்கள் தம் வினையை முடித்தன என்பதில் ஐயம் கொள்வோரும் என்னிடமே கேட்க; அவனிடம் வேண்டா.