நாற்காலிகளை அடுக்கும்போது வந்து சேர்ந்தவள்

அன்று எனக்குக் காலையில் தொடங்கும் முதல் ஷிப்ட். சுரங்கத்தின் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, மண்ணும் கரியும் கொண்டுபோகும் பெல்ட்டுகளை ஓட்டுவதும் நிறுத்துவதும் எங்கள் வேலை. மதியம் என்னிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டியவள் ஜெசிந்தா. தாமதமாக வந்து பழக்கமில்லாதவள். அவள் வரவில்லை, அவள் கணவர் அந்தோணியின் போன் வந்தது. "வள்ளி, ஜெசி போயிட்டாம்மா" என்றார். சோறு வடித்துவிட்டு, டியூட்டிக்குப் புடவை மாற்றி, செருப்பு மாட்ட உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். மாரடைப்பு. நான் "சரிங்கண்ணா" என்றேன். அடுத்த நிமிடம் ஏதோ ஒரு பெல்ட்டில் கல் சிக்கியிருப்பதாக வாக்கி-டாக்கியில் குரல் வந்தது. அதற்கும் "சரி" என்றேன். இரண்டு சரிக்கும் என் குரலில் வித்தியாசம் இருந்ததாக நினைவில்லை. பொறுப்பை வாங்கிக்கொள்ளும் ரிலீவர் வராமல் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது எங்கள் அறையின் வழக்கம். வேறொருவர் குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பி வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் காடாம்புலியூர்க்காரி, முந்திரிக் கொல்லைகளில் கூலிக்குப் போன குடும்பம். அவள் கடலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். டாக்டர் என்னை நடக்கச் சொன்னபோது துணைக்கு வந்தவள், மூன்றாம் நாளே "நடந்துகினே இருந்தா எப்பம்மா வூடு போய்ச் சேர்றது? ஓடலாம் வா" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது. டவுன்ஷிப்பில் ஆண்டுதோறும் நடக்கும் நெடுந்தூர ஓட்டத்தில் பெண்கள் பிரிவில் அவள் தவறாமல் இரண்டாவதாக வருவாள். 'செகண்ட் ஷிப்ட் ஜெசி' என்று டவுன்ஷிப்காரர்கள் நீங்கள் எல்லாரும் கேலி செய்தது அதனால்தான். சிரித்துக்கொள்வாள். ஆனால் ஒரு தடவையாவது முதலாவதாக வந்துவிட வேண்டும் என்ற ஆசை அவளுக்கு நிறையவே இருந்தது. எனக்கு மட்டும் தெரியும்.

அதற்கான ஆண்டும் வந்தது. வழக்கமாக ஜெயிக்கும் பெண் மாற்றலாகிப் போயிருந்தாள். விடிந்ததும் தொடங்க வேண்டிய ஓட்டம். சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைக்க வேண்டுமாம், அவர் வரவில்லை. சித்திரை வெயில் ஏறிக்கொண்டே போனது. எலுமிச்சை ஜூஸ் தீர்ந்தது. வரவேற்புரையை இரண்டு முறை ஒத்திகை பார்த்தார்கள். ஒருவராவது "கிளம்பலாம்" என்று சொல்ல வேண்டுமே! வாங்கிய சால்வையை யாருக்குப் போர்த்துவது என்ற கவலைதான் எல்லாருக்கும். அவர் வந்து, பேசி, கொடியசைத்தபோது ஏறக்குறைய உச்சிவேளை. ஜெசிந்தா என் காதில் சொன்னாள்: "வெயிலோட சண்ட போடாத வள்ளி. அது பாட்டுக்கு அடிக்கட்டும், நாம பாட்டுக்குப் போவோம்."

முத்தாண்டிக்குப்பம் பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும். திரும்பும்போது பெண்களில் அவள்தான் முன்னால். சற்றுப் பின்னால் நான். தார் இளகி ஷூவில் ஒட்டியது. வியர்ப்பது நின்றுவிட்டதை நான் கவனித்தேன், அது நல்லது என்றுகூட நினைத்தேன். அப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் மண்தான். கண் விழித்தபோது ஒரு முந்திரி மரத்தடியில் கிடந்தேன். ஜெசிந்தா தன் துப்பட்டாவை நனைத்து என் கழுத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் விழுந்த சத்தத்துக்குத் திரும்பி வந்திருக்கிறாள். மற்ற பெண்கள் ஒவ்வொருவராக எங்களைக் கடந்து போனார்கள்.

பைக்கில் வந்த தொண்டர் ஒருவர், "நான் பார்த்துக்கறேன், நீங்க ஓடுங்க மேடம். இன்னும் புடிச்சிடலாம்" என்றார். அவருக்கு முதலுதவி தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றார். "அப்ப நீங்க ரிலீவர் இல்ல. போயி ஆம்புலன்ஸக் கூட்டிக்கினு வாங்க" என்று அனுப்பிவிட்டாள். ஆம்புலன்ஸ் வந்ததும் ஷிப்ட் மாறும்போது நாங்கள் ஒப்படைப்போமே, அதே குரலில் நர்ஸிடம் ஒப்படைத்தாள்: "மயக்கமா வுழுந்தாங்க. ஒரு தடவ வாந்தி. தண்ணி வாய்ல குடுக்கல, மேல ஊத்துனேன். பேரு கேட்டா சொல்றாங்க." நர்ஸ் "சரி, நான் பார்த்துக்கறேன்" என்று சொன்ன பிறகுதான் என் கையை விட்டாள். விட்டுவிட்டு, டவுன்ஷிப்பைப் பார்த்து ஓடத் தொடங்கினாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முகம் கன்றிப்போயிருந்தது. "எத்தனாவது வந்த?" என்று கேட்டேன். "ஷாமியானாவ அவுத்துட்டாங்கடி. நாற்காலி அடுக்கிகினு இருந்தவங்க நாலு பேரு கை தட்டுனாங்க. எனக்குன்னே தட்டுனாங்க, வேற யாரும் வரல பாரு" என்றாள். அதன் பிறகும் அவள் போட்டியில் முதலாவதாக வரவேயில்லை. முதலிடம் பற்றி எங்களுக்குள் பேச்சும் எழவில்லை.

ஜெசிந்தாவின் அடக்கத்துக்கு நானும் போனேன். அன்றும் நல்ல வெயில். கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை நடந்தேன், கைப்பிடி மண் போட்டேன். அந்தோணியண்ணன் என்னைப் பார்த்ததும் உடைந்து அழுதார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். எனக்கு ஒன்றுமே வரவில்லை. வீட்டுக்கு வந்து துணி ஊறவைத்தேன். இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், நல்லவள் என்றேன், உட்கார்ந்துவிட்டேன். கல் மனசுக்காரி என்று யாராவது நினைத்திருந்தால் அவர்கள் மேல் வருத்தமில்லை. எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

போன வாரம் தனியாக ஓடப் போனேன். அதே முத்தாண்டிக்குப்பம் சாலை. பின்னாலிருந்து வந்த சாம்பல் ஏற்றிய லாரி ஒன்று என்னை உரசுவது போலக் கடந்தது. அதன் காற்று அடித்துத் தள்ளியதில் சாலையை விட்டு மண்ணில் இறங்கிவிட்டேன். வாயெல்லாம் புழுதி. எத்தனையோ வருடங்களாக ஓடிய சாலை, எத்தனையோ லாரிகள். இந்தக் காற்று என் மேல் பட்டதே இல்லையே என்று நினைத்தேன். அப்போதுதான் புரிந்தது. நாங்கள் ஓடிய நாளெல்லாம் ஜெசிந்தா எனக்கு வலப்பக்கமே ஓடியிருக்கிறாள், லாரி போகும் பக்கம். எனக்கு மர ஓரம். அதைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை, எனக்கும் தோன்றியதில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். டீ குடிக்கப் போன யாரோ வண்டியை நிறுத்தி "என்னம்மா ஆச்சு?" என்றார். "என் கூட ஓடுனவ செத்துட்டா" என்று முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இதுதான். இனி என்னோடு ஓட யார் வந்தாலும், லாரி போகும் பக்கம் என்னுடையது.