குதிகாலைத் தரையில் வைக்கச் சொன்ன வில்சன் சார்

வாசலில் நெத்திலி வாங்கிக்கொண்டிருந்தபோது வில்சன் சாரின் மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தார். "அப்பா போயிட்டார் ஆன்ட்டி." மீனை வாங்காமலே உள்ளே வந்துவிட்டேன். போன மாதம்தான் மகன் வீட்டுக்கென்று கிளம்பிப் போனவர்.

நம் சேலையூர் தெருக்காரர்களுக்கு அவரைத் தெரியும். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் மாடியில் குடியிருந்தார். மனைவி இறந்தபின் அவரும் தனி, நானும் தனி. மாலையில் நான் மொட்டைமாடியில் துணி எடுப்பேன். அவர் தாம்பரத்தில் இறங்கும் பயிற்சி விமானங்களைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருப்பார். "பாருங்கம்மா, இறக்குறானா, கொட்டுறானா?"

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு விமானியாகப் போகும் பேத்தி இருக்கிறாள். இதை எழுதும்போதே எனக்குத் தலைக்கனம்தான். வெளியூரில் படிக்கும் அவள் ஒருநாள் அழுதுகொண்டே கூப்பிட்டாள். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, ஒற்றை என்ஜின் விமானத்தை இறக்கும்போது டயர் வெடித்து, ஓடுபாதையை விட்டுப் புல்லுக்குள் போய்விட்டதாம். போனைச் சாரிடம் நீட்டினேன்.

"எந்தப் பக்க டயர்?" என்றார்.

"புள்ளைக்கு அடிபட்டுச்சான்னு கேளுங்க சார்! டயருக்கு இன்னா இப்போ?"

"இவ்ளோ சத்தமா அழுறா, நல்லாத்தாம்மா இருக்கா." பிறகு அவளிடம், "பயத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கியிருக்கே. சக்கரம் சுத்தாம தேய்ஞ்சா வெடிக்கத்தான் செய்யும். பிரேக் பெடலோட மேல் நுனியிலதான் இருக்கு, அதனால குதிகால் ரெண்டும் தரையில இருக்கணும். பின் சக்கரம் தொடட்டும், மூக்கு மெதுவா இறங்கட்டும், வேகம் குறையட்டும். அப்புறம்தான் பிரேக். நாளைக்கே ஏறு," என்றார்.

மறுநாள் அவள் அப்பா, என் மகன், வந்தான். "நீ சொன்னா கேப்பாம்மா. போதும், வந்துடச் சொல்லு." எனக்கும் அதே ஆசைதான். சார் என்னிடம், "நீங்க கூப்பிட்டா வந்துடுவா. அதனாலதான் கூப்பிடக் கூடாது," என்றார். மகனிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவன் கோபித்துக்கொண்டு வருவதையே நிறுத்தினான். அந்த நாட்களில் சார்தான் தேநீருக்கு இறங்கி வந்து எதிரே உட்கார்ந்திருப்பார்.

அவரை அடக்கம் செய்த மறுவாரம் பேத்தி முதல்முறை தனியாகப் பறந்து, நேராக இறங்கினாள். அவர் இல்லை என்ற நினைவில்லாமல், அவள் அனுப்பிய படத்தைச் சாருக்குக் காட்ட மாடி ஏறிவிட்டேன். கதவில் பூட்டு. படியில் உட்கார்ந்து நான் மட்டும் பார்த்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: அவளைக் கூப்பிடாமல் இருப்பது. சாயங்காலம் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஒரு வாரம் வந்து இருடி என்றால் ஓடி வருவாள். பேத்தியின் நம்பரை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போனை வைத்துவிடுகிறேன்.