பூவரச இலையில் வந்த காளான்

திரௌபதி அக்காவிடம் காளானைக் கொண்டுபோய்க் காட்டினால் முதலில் பையைத் திறந்து பார்க்கமாட்டாள். "எந்த மரத்தாண்ட புடுங்கின?" என்றுதான் கேட்பாள். தெரியாது என்று சொன்னால் பை அப்படியே திரும்பி வந்துவிடும். அப்புறம் நாம் தலைகீழாக நின்றாலும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. எனக்கு அந்தத் திமிர் பிடிக்காது. பிடிக்கவில்லை என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். என் வாய் அப்படி. பவுலின் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை என்று மரக்காணம் உப்பளத்தில் எல்லாருக்கும் தெரியும்.

நானும் அவளும் ஒரே உப்புக் கொட்டகையில் வேலை செய்கிறோம். அவள் மூட்டையில் உப்பு வாரிப் போடுவாள், நான் வாயைத் தைப்பேன். வீடும் பக்கத்துப் பக்கத்து வீடுதான். அவள் வீட்டுக்காரர் இருசப்பன் அளத்தில் பாத்தி வேலைக்குப் போகிறவர். மகள் தமிழ்நிலா செங்கல்பட்டில் நர்ஸுக்குப் படிக்கிறாள். திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள் அக்கா. வந்த வருஷம் ஐப்பசியில் அளம் முழுக்கத் தண்ணீர் நின்று வேலையும் நின்றதும், குடை பிடித்துக்கொண்டு மரம் மரமாகச் சுற்ற ஆரம்பித்தாள். முதல் வருஷம் எதையும் பறிக்கவே இல்லையாம். எந்த மரத்தடியில் எது முளைக்கிறது, அதை ஆடு கடிக்கிறதா, மறு மழைக்கும் அதே இடத்தில் அதுவே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

"காளானு பத்து இருந்தா ஒம்போது ஒரே மூஞ்சியா இருக்குது பவுலினு. மரம் அப்படி இல்ல. மரத்தத் தெரிஞ்சுக்கினா காளானு பாதி தெரிஞ்ச மாதிரி. மீதிய வேரப் பாத்துச் சொல்லணும்" என்பாள். சவுக்குத் தோப்பில் மண்ணாங்கட்டி மாதிரி உருண்டையாக வருவதை நின்றுகூடப் பார்க்கமாட்டாள். அளத்து வரப்பில் இருக்கும் ரெட்டைப் பனையின் அடியில் ஒரு கறையான் புற்று உண்டு. அதில் வருகிற வெள்ளைக் காளான்தான் அவளுக்கு உசத்தி. அரை முழம் தோண்டினாலும் அதன் வேர் முடியாது.

மழைக்கு அளத்தில் வேலை நின்றாலும், குவித்துவைத்த உப்பை மூட்டை கட்டும் வேலை கொட்டகையில் நடக்கும். அங்கே நாங்கள் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கை வைப்பது எங்கள் வழக்கம். மழைக்காலத்தில் முதலில் காலியாவது அக்காவின் டப்பா. ஆரோக்கியசெல்வி அதை விரலால் வழித்து நக்குவாள்.

போன ஐப்பசி தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து அனுமந்தையிலிருக்கும் என் அம்மாவைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பெலிக்ஸ் நனைந்துகொண்டே வந்தார், கையில் ஒரு பை. உப்பு ஏற்றும் டெம்போ ஓட்டுகிறவர் அவர். பையில் குடை குடையாக வெள்ளைக் காளான். அக்கா வாசலில்தான் நின்றிருந்தாள்.

"எந்த மரத்தாண்ட அண்ணே?"

பெலிக்ஸ் கழுத்தைச் சொறிந்தார். "அதான், ரெட்டப் பனையாண்ட. புத்து இருக்குதே, அங்க."

அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தண்டு கத்தியால் அறுத்திருந்தது. "இன்னா அண்ணே, வேர வுட்டுட்டு வந்துட்டீங்க? இருங்க, ஒரு நட போயி பாத்துட்டு வந்துர்றேன்."

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதற்கு மேல் அந்தப் பழைய எரிச்சல் வேறு. "இன்னாத்துக்குப் போயி பாக்கணும்? எங்க வூட்டுக்காரரு பொய் சொல்றாரா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் சுருங்கிப்போனது. பெலிக்ஸைப் பார்த்தாள். அவர் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெட்டப் பனையாண்டதான்னா நல்லதுதான். துன்னலாம்" என்றாள்.

மத்தியானம் அவரே சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார். மூன்று மணிக்கு எனக்குப் போன் வந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு, எழுந்து நிற்க முடியவில்லை, ஆட்டோவில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டே போனேன், ஒரு மணிகூட உருட்டவில்லை. பயம்தான் இருந்தது, வேறெதுவும் இல்லை.

வார்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். முழங்கை வரைக்கும் மண். பார்த்ததும் என் பயமெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. "கொலகாரி" என்றேன். அவள் குடும்பத்தை இழுத்தேன், படிக்கிற பிள்ளையை இழுத்தேன். ஆஸ்பத்திரியே வேடிக்கை பார்த்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் ஒரு பச்சை இலை விரித்திருந்தது, அதன்மேல் வேரோடு ஒரு காளான். "அந்தம்மா இத கொண்டாந்தது நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்களுக்குப் படம் அனுப்பிக் கேட்டோம். இது வயித்தத்தான் பொரட்டும், ஈரல்ல கை வைக்கிற வகை இல்லையாம். தண்ணி ஏத்தறோம், பொழச்சுக்குவாரு" என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தெரிந்தே தின்னச் சொல்லியிருக்கிறாள், அதனால்தான் எடுத்துவரத் தெரிந்தது என்று அதையும் கொட்டகையில் சொன்னேன்.

பெலிக்ஸ் நான்காம் நாள் வீட்டுக்கு வந்தார். அக்காவின் பேச்சை எடுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பாவம், அவ்வளவு வெறுத்துப்போய்விட்டார் என்று நினைத்தேன்.

கொட்டகையில் அக்காவின் டப்பாவில் யாரும் கை வைப்பதில்லை. அவளும் வட்டத்தில்தான் உட்கார்ந்தாள். வெண்டைக்காய் கொண்டுவந்தாலும் சரி, கருவாடு கொண்டுவந்தாலும் சரி, ஒருத்தியும் தொடவில்லை. மீந்த குழம்பைக் குழாயடியில் நாய்க்கு ஊற்றிவிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு போவாள். எல்லாம் நான் சொன்ன சொல். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். முதல் நாளே போய்ப் புல் செதுக்குவது எங்கள் வழக்கம். அந்த வருஷம் பெலிக்ஸ் முதுகுவலி என்று வரவில்லை. நான் மட்டும் மண்வெட்டியோடு மாமியார் ஞானமேரியின் கல்லறைக்குப் போனேன். தலைமாட்டில் சிலுவையை ஒட்டி மண்ணில் ஒரு கத்தி குத்தியிருந்தது. பிடியில் பச்சை டேப். டெம்போவில் கயிறு அறுக்கிற கத்தி, தொலைந்துபோனதென்று அவர் இரண்டு வாரமாகச் சொன்ன கத்தி. அதைச் சுற்றிப் புல்லில் வட்டமாக வெள்ளைக் குடைகள் புதிதாக முளைத்திருந்தன. நடுவே அறுத்துக் காய்ந்துபோன அடித்தண்டுகள்.

நாங்கள் கல்லறைத் தோட்டத்திலிருந்து ஒரு பூவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரமாட்டோம். வாசலில் கால் கழுவாமல் உள்ளே நுழையமாட்டோம். அங்கே முளைத்ததை அறுத்து, அதுவும் பெற்ற தாயின் தலைமாட்டில் அறுத்துத் தின்றேன் என்று எந்த மனுஷன் சொல்லுவான்?

எந்த மரத்தாண்ட என்று அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். பூவரசு. ஆஸ்பத்திரி மேசைமேல் விரித்திருந்ததும் பூவரச இலைதான். உப்பளத்து வரப்பில் பூவரசு ஏது? ரெட்டைப் பனையைச் சுற்றி வேலிக்காத்தான் முள்ளைத் தவிர ஒன்றும் கிடையாது. கண்ணெதிரே இருந்த இலையை நான் பார்க்கவே இல்லை. புல்லிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கால்கூடக் கழுவாமல் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். கத்தியை அவள் முன்னால் வைத்தேன். "ஏங்கா சொல்லல?"

கத்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வாந்தி எடுக்கறப்ப நான்தான் கேட்டேன், மெய்யா எந்த மரத்தாண்டன்னு. சொல்லிட்டாரு. கையெடுத்துக் கும்புட்டாரு பவுலினு. அவளுக்குத் தெரிஞ்சா என் கையால தண்ணி வாங்கமாட்டான்னாரு. உசுருக்குப் போராடுற மனுஷன் கும்புட்டா இன்னா பண்றது? சரின்னு சொல்ட்டேன்."

"நான் உன்ன கொலகாரின்னேன்."

"பாக்காம சொன்னது நான்தானே. நீ கோவிச்சுக்குவன்னு போவாம வுட்டுட்டேன். அது என் தப்பு."

மறுநாள் சாமியார் கல்லறைகளை மந்திரித்து முடித்ததும் கொட்டகைக்குப் போனேன். முந்தின இரவு பெலிக்ஸிடம் சொல்லிவிட்டேன், நாளைக்கு எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன், மானம் போனால் போகட்டும் என்று. சுவர்ப் பக்கம் படுத்திருந்தவர் என் பக்கம் திரும்பி, "சொல்லிடு" என்றார்.

மத்தியானம் எல்லாரும் டப்பாவைத் திறந்தபோது எழுந்து நின்றேன். கல்லறையைச் சொன்னேன், கத்தியைச் சொன்னேன், எங்க வூட்டுக்காரரு பொய் சொல்றாரா என்று நான் கேட்டதையும் சொன்னேன்.

"அத ஏன் இங்க சொல்ற? பாவம் அண்ணன்" என்றாள் அக்கா. "உக்காரு, சோறு ஆறுது."

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் டப்பாவில் காளான் குழம்பு. யாரும் தொடாத டப்பாவில் தனக்காக மட்டும் வைத்துக்கொண்டு வந்தது. நான் கை வைத்தேன். ஒரு வாய் தின்றேன், இரண்டாவது வாயும் தின்றேன்.

"எந்த மரத்தாண்டன்னு கேக்கவே இல்லியே" என்றாள்.

"நீ போயி பாத்திருப்ப" என்றேன். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆரோக்கியசெல்வி கையை நீட்டினாள். அப்புறம் எல்லாரும் நீட்டினார்கள். அன்றைக்கு அக்கா வெறும் சோற்றைத்தான் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டாள்.